இந்தியாவில் மொழியியல் படிக்க விரும்பும் மகளுக்காக

தொடக்கக் கல்லூரியில் தமிழ்மொழியும் இலக்கியமும் எடுத்துப் படித்து முடிக்கவிருக்கும் உங்கள் மகள், இந்தியாவுக்குச் சென்று மொழியியல்தான் படிப்பேன் என்று நிற்பதாகச் சொல்கிறீர்கள். மொழியியல் என்பது தமிழ் இலக்கணத்துக்கு இன்னொரு பெயர்தானே, அதற்காக ஏன் ஊர்விட்டு ஊர் போக வேண்டும், போவதானால் எந்தப் பல்கலைக்கழகம், திரும்பி வந்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியலில் முதுகலை முடித்து, சிங்கப்பூர் திரும்பி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதல் கேள்வியில் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன். அது தெளிந்தால் மற்றவை தாமாகவே பாதி தெளிந்துவிடும்.

மொழியியல் தமிழ் இலக்கணத்துக்கு மறுபெயர் அன்று. ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நம் பள்ளிகளில் இலக்கணம் என்ற பெயரில் கற்பிக்கப்படுவது, எப்படி எழுதினால் பிழையில்லை என்ற அறிவு. மொழியியல் கேட்பது வேறு கேள்வி: இந்த மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், அப்படிப் பேசுவதற்குள் இருக்கும் ஒழுங்கு என்ன? தொல்காப்பியரை மொழியியலார் கொண்டாடுவதற்குக் காரணம், அவர் இந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டவர் என்பதுதான். எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் சொல்வதற்குப் பிறப்பியல் என்று ஓர் இயலையே அவர் ஒதுக்கினார். 'பசு' என்பதன் இறுதி உகரமும் 'காது' என்பதன் இறுதி உகரமும் எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒலிப்பில் வேறு என்று கண்டு, பின்னதைக் குற்றியலுகரம் எனப் பிரித்து, அது எந்தச் சூழலில் வரும் என்பதையும் வரையறுத்தார். இரண்டையும் சொல்லிப் பார்த்தால், முதல் சொல்லின் முடிவில் உதடு குவியும், இரண்டாவதில் குவியாது. தேர்வுக்காக 'ஆறு வகைக் குற்றியலுகரம்' என்று மனப்பாடம் செய்த எத்தனை பேர் தம் உதட்டைக் கவனித்திருப்போம்? உதட்டைக் கவனிக்கும் பழக்கத்தைத்தான் மொழியியல் துறை முதலில் கற்பிக்கிறது.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். முதல் பருவத்தில் கள ஆய்வுமுறைக்கென ஒரு வகுப்பு இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மொழியைப் பேசுபவரை எதிரில் அமர்த்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, பன்னாட்டு ஒலியெழுத்தில் குறித்துக்கொள்ளும் பயிற்சி அது. அப்படிப் பேசித் தகவல் தருபவரைத் தகவலாளி என்பார்கள். ஒருநாள் வரவேண்டிய தகவலாளி வராததால் பேராசிரியர் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, 'சிங்கப்பூர்த் தமிழ் நமக்குத் தெரியாத தமிழ்தானே, இன்று இவரைக் கேளுங்கள்' என்றார். 'வருகிறேன் என்பதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?' என்று ஒரு மாணவர் கேட்டார். 'வருகிறேன்' என்றேன். 'வீட்டிலும் அப்படித்தானா?' 'ஆமாம், வீட்டிலும் அப்படித்தான்.' நான் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் எல்லாரும் எழுந்து தேநீருக்குக் கிளம்பியபோது, 'இருங்க, நானும் வரேன்' என்று கூவினேன். திரும்பி வந்து பார்த்தால் கரும்பலகையில் 'வரேன்' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார் பேராசிரியர். 'நம் தகவலாளி இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார்' என்றார். நாகர்கோவில் நண்பர் தம் ஊரில் 'வாறேன்' என்று சொன்னார். அந்த ஒரு வினையை வைத்துக்கொண்டே அன்றைய வகுப்பு முடிந்தது.

மறுநாள் ஒரு சிறிய முகக்கண்ணாடி கொண்டுவந்தார். 'மரம், பணம், படம்' என்று இயல்பாகச் சொல்லச் சொன்னார். உதடு மூடவே இல்லை. மகர மெய் என்று எழுதுகிறோம், ஆனால் பேச்சில் அந்த மெய் மறைந்து, அதற்கு முன்னுள்ள உயிர் மூக்கொலி பெற்றுவிடுகிறது. 'அவன்' என்பதன் இறுதி னகரமும் இப்படித்தான். இதை யாரும் நமக்குக் கற்றுத் தந்ததில்லை. ஆனால் தமிழ் பேசி வளர்ந்த குழந்தை எதுவும் இதில் தவறுவதில்லை. எழுத்தைப் பார்த்துத் தமிழ் கற்ற பிள்ளை மட்டும் 'மரம்' என்று உதட்டை இறுக்கி மூடுகிறது. இன்று என் வகுப்பில் இந்த இரு வகைப் பிள்ளைகளும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறார்கள். யார் வீட்டில் தமிழ் புழங்குகிறது என்பதை அந்த ஒரு சொல்லிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இத்தகைய நுணுக்கம் சிங்கப்பூருக்கு வெறும் வேடிக்கையன்று. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு வசிப்போரில் வீட்டில் தமிழையே அதிகமாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் வேண்டும் என்று சொன்னபோது, எந்தப் பேச்சுத்தமிழ் என்ற கேள்வி உடனே எழுந்தது. தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தனித்தனி வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் நிலையை இரட்டை வழக்கு என்பார்கள். 1959இல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் மொழியியல் மாணவர் எல்லாரும் படிக்கும் கட்டுரை. பேச்சு என்றால் கொச்சை என்று ஒதுக்கும் ஆசிரியருக்கும், எப்படிப் பேசினாலும் சரி என்று விட்டுவிடும் ஆசிரியருக்கும் நடுவில் நின்று, பேச்சுக்கும் இலக்கணம் உண்டு என்று எடுத்துக்காட்டக்கூடியவர் மொழியியல் படித்தவர்தான். இது என் தொழில் சார்பான கருத்து என்று நீங்கள் நினைத்தால் அதிலும் தவறில்லை.

பேச்சை ஆராய்வதைப் போலவே, இந்தியத் துறைகள் வலுவாகக் கற்பிக்கும் இன்னொன்று வரலாற்று ஒப்பியல், அதாவது உறவுடைய மொழிகளை ஒப்பிட்டு அவற்றின் பழைய வடிவத்தைக் காண்பது. கன்னடத்தில் காதுக்குக் 'கிவி' என்று பெயர், தமிழில் 'செவி'. கன்னடத்தில் 'கெம்பு' என்றால் சிவப்பு, தமிழில் 'செம்மை'. பழைய ககரம் இகர எகரங்களுக்கு முன்னால் தமிழில் சகரமாகியிருக்கிறது. அப்படியானால் 'கிளி', 'கெடு' ஆகியவை மட்டும் ஏன் 'சிளி', 'செடு' ஆகவில்லை? அந்த உயிரை அடுத்து ளகரம், டகரம் போல நாக்கை மடித்து ஒலிக்கும் நாமடி ஒலி வந்தால் தமிழ் பழைய ககரத்தை அப்படியே விட்டுவைக்கிறது. தெலுங்கு அங்கேயும் மாற்றிவிட்டது: கிளிக்குத் தெலுங்கில் 'சிலுக', கெடு என்பதற்குச் 'செடு'. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு மாற்றத்தை நான்கு சொற்களை வைத்து வகுப்பறையில் மீட்டெடுக்க முடிகிறது என்பதை முதன்முதலில் கண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்தி விரித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட பயிற்சிகளை மணிக்கணக்கில் செய்வோம். பக்கத்து விடுதி அறையில் தெலுங்கு மாணவர், எதிர் அறையில் மலையாள மாணவர் என்ற சூழலில் இதைக் கற்பது தனி அனுபவம்; வேறு நாட்டில் எவ்வளவு கட்டணம் கட்டினாலும் அது கிடைக்காது.

இனி எந்தப் பல்கலைக்கழகம் என்பது. ஒவ்வொரு துறையும் எந்தக் காலத்தில் பிறந்ததோ அந்தக் காலத்தின் மணம் இன்னும் அதில் வீசும் என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது எளிது. கல்கத்தாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒப்பியல் மொழிநூல் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். சுநீதிகுமார் சாட்டர்ஜி வங்காளி மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி 1926இல் வெளியிட்ட பெருநூல் அந்த மரபின் உச்சம். அதற்கு அடுத்த திருப்பம் புனேயில் நிகழ்ந்தது. அங்குள்ள தக்காணக் கல்லூரியில் 1950களின் நடுவில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் கோடைக்கால மொழியியல் பள்ளிகள் நடந்தன. அமெரிக்க அறிஞர்கள் வந்து, மொழியைக் கூறுகளாகப் பிரித்து அதன் அமைப்பை ஆராயும் அமைப்பு மொழியியலைக் கற்பித்தார்கள். இந்திய இளைஞர்கள் அங்கே பயின்று தத்தம் ஊர்களில் துறைகளை உருவாக்கினார்கள். ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் ஒலி), உருபன் (பொருள் தரும் மிகச்சிறிய கூறு) என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் கலைச்சொற்கள் பரவியது அந்த அலையில்தான்.

தென்னாட்டில் அந்த அலையைக் கரை சேர்த்தவர்கள் என்று மூவரைச் சொல்வேன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தில் வ. அய். சுப்பிரமணியம், ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு மொழியியலுக்கு உயராய்வு மையத் தகுதி அளித்தபோது புனேயும் அண்ணாமலையும் அதைப் பெற்றன. தெ.பொ.மீ. எழுதிய தமிழ்மொழி வரலாறு 1965இல் ஆங்கிலத்தில் வெளிவந்ததுகூடப் புனே தக்காணக் கல்லூரி வழியாகத்தான். புலமைக்கு ஊர் எல்லை இல்லாதிருந்த காலம் அது. வ. அய். சு. பின்னர் 1981இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அங்கும் மொழியியல் துறை உண்டு. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. இந்தத் துறைகளின் பலம் மொழியை வருணிப்பதில் இருக்கிறது: வட்டார வழக்குகள், நீலகிரி போன்ற மலைப்பகுதிகளின் பழங்குடி மொழிகள், திராவிட ஒப்பியல், இலக்கண மரபு.

அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கியின் வழிவந்த தொடரியல் கோட்பாட்டை, அதாவது வாக்கிய அமைப்பு பற்றிய கோட்பாட்டை, ஆழமாகப் படிக்க வேண்டுமானால் வேறு திசையில் பார்க்க வேண்டும். 1958இல் ஆங்கிலம் கற்பிக்கும் மத்திய நிறுவனமாகத் தொடங்கி 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமான ஐதராபாத் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகம், ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவற்றில் அந்த மரபு வேரூன்றியிருக்கிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்ற வாக்கியத்தில் எழுவாய் எது என்று உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள். பள்ளி இலக்கணப்படி 'எனக்கு' நான்காம் வேற்றுமை; எழுவாய் எங்கே? இந்தி, வங்காளி, மலையாளம் என்று துணைக்கண்டம் முழுதும் இப்படிப்பட்ட வாக்கியங்கள் இருப்பதால் இதைப் பற்றி ஏராளமான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டால் அவளுக்கு உரியது தொடரியல். கணினி மொழியியலில் நாட்டம் என்றால் ஐதராபாத்தே மீண்டும் முதலில் வரும்: ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல், மொழிபெயர்ப்பியல் மையமும், அதே ஊரில் உள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும் நெடுநாளாக இதில் உழைத்து வருகின்றன. மைசூரில் 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை ஆய்வு நிறுவனமாகவே பார்க்க வேண்டும். எங்கே படித்தாலும் அதன் நூலகத்தில் சில வாரங்களைக் கழிப்பது நல்லது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நான் படித்த இடத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே ஒரு பாடத்துக்கு வகுப்பெடுத்தவர், தாம் மாணவராக இருந்தபோது எழுதிய குறிப்பேட்டைப் பார்த்தே எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பக்கங்கள் பழுத்து, ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது. இறுதித் தேர்வின் முடிவுகள் ஏழு மாதம் தாமதமாக வந்தன. அதனால் சிங்கப்பூரில் ஒரு வேலைக்கான விண்ணப்பத் தேதி கைவிட்டுப் போயிற்று. ஓய்வுபெறும் ஆசிரியர்களின் இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடப்பது இந்தியப் பல்கலைக்கழகங்களில் பொதுவான நோய். ஆகவே பல்கலைக்கழகத்தின் பழம்பெருமையைப் பார்த்துச் சேராதீர்கள். இன்று அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் கடைசி ஐந்து ஆண்டுகளில் என்ன எழுதியிருக்கிறார்கள், மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போகிறார்களா என்பதைக் கேளுங்கள். களப்பணி இல்லாத இந்திய மொழியியல் துறைக்குச் சிங்கப்பூரிலிருந்து போவதில் பொருளில்லை. அது தரும் புத்தக அறிவை இங்கேயே பெறலாம். 2011ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121 இடம்பெற்றன. அரசியலமைப்பின் மொழி அட்டவணையில் உள்ளவை அவற்றுள் 22 மட்டுமே. அந்த எண்ணிக்கைக்குள் வராத சிறிய மொழிகள் வேறு இருக்கின்றன. அவற்றுக்கு அருகில் போய் உட்கார முடியும் என்பதுதான் அங்கு போவதற்குக் காரணம்.

இதிலிருந்து என் பரிந்துரை ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு இது பிடிக்காமல் போகலாம். இந்தியத் துறைகளில் பெரும்பாலானவை மொழியியலை முதுகலையிலிருந்துதான் கற்பிக்கின்றன. பதினெட்டு வயதில் நேரே போனால், வேறொரு பாடத்தில் இளங்கலை படித்துவிட்டுத்தான் அவள் மொழியியலுக்குள் நுழைய நேரும். அதைவிட, இளங்கலையை இங்கேயே முடிக்கட்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் பன்மொழியியலும் என்ற பட்டப்படிப்பே இருக்கிறது. தமிழை விடக் கூடாது என்றால் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டம் இருக்கிறது. அதன்பின் இரண்டு ஆண்டு, நான்கு பருவ முதுகலைக்கு இந்தியா போவது சரியாக இருக்கும். அதற்குள் தனக்கு வேண்டியது கள ஆய்வா, தொடரியலா, கணினியா என்று அவளுக்கே தெரிந்திருக்கும். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவில் இருந்த எம்.பில். பற்றி யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம்; 2022 விதிமுறைகளில் மானியக் குழு அதை நிறுத்திவிட்டது. முதுகலைக்குப் பிறகு நேரே முனைவர் பட்டம்தான்.

நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுகலைச் சேர்க்கை கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு வழியாக நடக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி வழி இருக்கிறதா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். நம் சான்றிதழ்கள் இந்தியச் சான்றிதழ்களுக்கு ஈடானவை என்று காட்டும் சமநிலைச் சான்று கேட்பது வழக்கம். அதற்கு நாளாகும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மாணவர் விசாவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவோர், போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விடுதிச் சேர்க்கை பரபரப்பில் இதை மறந்துவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வேலை விஷயத்தில் நேராகவே சொல்கிறேன். மொழியியலாளர் என்ற பெயர்ப்பலகையுடன் சிங்கப்பூரில் காத்திருக்கும் பதவிகள் மிகக் குறைவு. தமிழாசிரியராக விரும்பினால், அந்தப் பட்டத்துடன் தேசியக் கல்விக் கழகத்தின் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும். எந்த இந்தியப் பட்டம் ஏற்கப்படும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கல்வி அமைச்சிடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு, அகராதிப் பணி, பாடநூல் ஆக்கம், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களுக்கான தரவுத் தயாரிப்பு ஆகியவற்றில் மொழியியல் கைகொடுக்கும். மேலே சொன்ன 'மரம்' போன்ற சொற்களில்தான் அந்த மென்பொருள்கள் தடுமாறுகின்றன. கடையில் தரும் ரசீதான 'பில்' வேறு, மருந்தகத்தில் தரும் மாத்திரையான 'பில்' வேறு என்பதைத் தமிழ் எழுத்தைப் பார்த்துக் கணினி எப்படிப் பிரிக்கும்? நம் காது முதல் ஒலியிலேயே பிரித்துவிடுகிறது. பேச்சுக் குறைபாட்டுக்குச் சிகிச்சை அளிக்கும் பணியை நினைத்து அவள் மொழியியலுக்கு ஆசைப்படுகிறாள் என்றால் மட்டும் இப்போதே திருத்திவிடுங்கள். அதற்குத் தனிப் பட்டம் வேண்டும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் டிசம்பர் விடுமுறையில் அவளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ வயதான பாட்டி யாராவது இருந்தால், பழைய கம்பத்து (கிராமக் குடியிருப்பு) வாழ்க்கையைப் பற்றிப் பேசவிட்டு, அவர் சம்மதத்துடன் பத்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். 'பசார்', 'ரோத்தான்' என்று மலாய்ச் சொற்கள் வரும், பாட்டியின் சொந்த ஊர் வழக்கு வரும், அவர் தம்மையே திருத்திக்கொள்ளும் இடங்கள் வரும். அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டது கேட்டபடி, ஓர் ஒலியையும் 'சரி' செய்யாமல், அவள் எழுத வேண்டும். பழக்கமில்லாதவருக்கு ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். இரண்டாம் மணியில் சலித்து மூடிவைத்தால், தமிழ் இலக்கியமே அவளுக்குப் போதும். நள்ளிரவில் உங்களை எழுப்பி, 'அம்மா, பாட்டி ஒரு இடத்துல வந்துச்சுங்குறாங்க, இன்னொரு இடத்துல வந்துதுங்குறாங்க, ஏன்?' என்று கேட்டால், கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது என்று பார்த்துவையுங்கள்.